கச்சத்தீவு என்று எழுதியவள்

விசா படிவத்தின் அந்தக் கட்டத்தில் ‘இலங்கை’ என்று தட்டியவை என் விரல்கள். வக்கீல் எழுதவில்லை, என் கணவர் எழுதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஃப்ரீமான்ட்டில், மௌரி அவென்யூவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த எங்கள் வாடகை வீட்டின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டே, என் புருஷன் திரும்பிவர வேண்டிய வழியை நானே அடைத்தேன். அது 2005. நான்கு மாதத்துக்கு மேல் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அவருடைய தங்கைக்கு ராமேஸ்வரத்தில் நிக்காஹ். போய்விட்டு மூன்று வாரத்தில் திரும்ப வேண்டும். சான்டா கிளாராவில் வேலை இருந்தது, வேலை செய்ய அனுமதியும் இருந்தது, பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த விசா மட்டும் காலாவதியாகியிருந்தது. முன்பெல்லாம் அமெரிக்காவுக்குள் இருந்தபடியே தபாலில் அனுப்பிப் புதுப்பித்துக்கொள்ளலாம். அந்த வழியை முந்தைய வருடம் மூடிவிட்டார்கள். இனி வெளியே போகிறவர் வெளியே உள்ள தூதரகத்தில் நேரில் நின்று, கேட்டதற்குப் பதில் சொல்லி, புது விசா வாங்கித்தான் உள்ளே வர முடியும். நானும் ஐந்து வயது மகளும் கூடப் போகவில்லை. மூன்று பேரும் போனால் மூன்று பேரும் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தோம். அவர் மட்டும் மாட்டிக்கொண்டால் மிச்சம் இரண்டு பேர் என்ன ஆவோம் என்று நினைக்கவில்லை.

நான் ராயப்பேட்டைக்காரி. ராமநாதபுரம் மாவட்டத்தை நான் பார்த்தது கல்யாணத்துக்குப் பிறகு இரண்டே முறை. கேட்டது ஆயிரம் முறை. மேடு என்று ஒன்று இல்லாத நிலம் அது. தண்ணீரைக் கொட்டினால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் அப்படியே நிற்கும். கருவேலமும் பனையும் உப்பளமுமாக ஓடி ஓடி, ரயில் கடலுக்குள் இறங்கி, பாலத்தின் மேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து, தீவில் ஏறி நிற்கும். அங்கே கோயில். காசியிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் செத்துப்போன அப்பாக்களின் சாம்பலைத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு வருகிறவர்கள், ஈரத்துணி காலில் சிக்க இருபத்திரண்டு தீர்த்தக் கிணறுகளுக்கும் ஓடுகிறவர்கள், தலையில் வாளித் தண்ணீர் விழும்போது மூச்சுத் திணறிச் சிரிக்கிறவர்கள். அவர்கள் வெளியே வரும் வழியில் என் மாமனாரின் சங்குக்கடை. ஐந்து வேளையும் தொழுகிறவர், மிச்ச நேரமெல்லாம் பக்தர்களுக்குச் சங்கு ஊதிக் காட்டி விற்கிறவர். இந்தியில் பேரம், வங்காளத்தில் சத்தியம், தமிழில் முணுமுணுப்பு. அங்கே இதை யாரும் விநோதமாகப் பார்த்ததில்லை. விநோதம் எங்களுக்கு நியூ ஜெர்சியில்தான் ஆரம்பித்தது.

2001இல் கைக்குழந்தையோடு நியூ ஜெர்சியில் இருந்தோம். அந்த செப்டம்பருக்குப் பிறகு எங்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம். துணி துவைக்கும் அறையில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தால் போதும், நாங்கள் இந்தியா, தென்னிந்தியா, அங்கே எல்லாரும் சேர்ந்துதான் இருக்கிறோம் என்று என் வாய் தானாக ஓடும். அவர் இன்னும் ஒரு படி மேலே போவார். என் ஊர் ரொம்பப் பெரிய ஹிந்து டெம்பிள் டவுன் என்பார், பெட்ரோல் போடுகிற இடத்தில்கூட. தன் அத்தாவின் கடைக்குப் பின்னால் நின்ற கோபுரத்தைப் பெயர்த்துக்கொண்டு வந்து தன் முன்னால் நிறுத்திக்கொண்டார், பாவம், ஒரு கேடயம் மாதிரி. பெயரைச் சொன்னதும் எதிரே இருக்கும் முகத்தில் ஒரு சின்ன மாற்றம் வரும். அந்த மாற்றம் வருவதற்குள் பேசி முடித்துவிட வேண்டும். அப்படியே பேசிப் பேசி, விளக்கி விளக்கி, அங்கேயும் பிறகு ஃப்ரீமான்ட்டிலும் நான்கு வருடம் ஓட்டியிருந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேல்வீட்டு ஆண்ட்டி வந்திருந்தார். மயிலாப்பூரிலிருந்து வந்து இருபது வருடமாக அமெரிக்காவில் இருப்பவர், கட்டடத்தில் எந்தப் படிவம் வந்தாலும் அவரிடம்தான் முதலில் போகும். என் கணவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

“உங்க ஊருக்கு நாங்க போயிருக்கோம்பா,” என்றார் ஆண்ட்டி. “எங்க ரெண்டு பேர் மேலயும் இருபத்திரண்டு கெணத்துத் தண்ணியக் கொட்டினாங்க. பாவம் போச்சான்னு தெரியல, சளி பிடிச்சுது.”

“பாவம் போனது ஒடனே தெரியாது ஆண்ட்டி,” என்றார் இவர், பெட்டியின் மேல் உட்கார்ந்து அமுக்கியபடி. “சளிதான் மொதல்ல வரும். அது அட்வான்ஸ்.”

ஆண்ட்டி சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “இங்க பாரும்மா. கேட்டதுக்கு மட்டும் பதில். ஒரு வார்த்தை எக்ஸ்ட்ரா கூடாது. எங்க வீட்டு அங்கிள் இன்டர்வியூல என்ன வேலன்னு கேட்டதுக்கு முக்கா மணி நேரம் லெக்சர் குடுத்தார். ஆபீசருக்குக் கண்ணு சொக்கிடுத்து. ஏதோ நல்ல நேரம், தூக்கத்துலயே அப்ரூவ் பண்ணிட்டான். எல்லாருக்கும் அப்படித் தூங்கற ஆபீசர் கெடைக்க மாட்டான்.”

சரி ஆண்ட்டி, என்றேன். அவர் மாடிக்குப் போனார். இவர் நிக்காஹுக்கு வாங்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன என்று மகளைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். நான் மேசையில் உட்கார்ந்தேன்.

பதினாறு வயதிலிருந்து நாற்பத்தைந்து வயது வரையுள்ள ஆண்கள் நிரப்ப வேண்டிய தனித்தாள் ஒன்று இருந்தது. ஆயுதப் பயிற்சி உண்டா, வெடிமருந்து தெரியுமா, போரில் இருந்தீர்களா. இல்லை, இல்லை, இல்லை. அவருக்கு எலிப்பொறி வைக்கத் தெரியாது. இல்லை என்று தட்டத் தட்ட, ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சரிபார்த்தேன். எத்தனை இல்லை சொன்னால் ஒரு மனிதனை நம்புவார்கள்? அதற்கு அடுத்த கட்டம்: கடந்த பத்தாண்டுகளில் நீங்கள் நுழைந்த நாடுகள் அனைத்தும். அமெரிக்கா என்று தட்டினேன். கட்டத்தில் மிச்ச இடம் வெள்ளையாகக் கிடந்தது. எதையோ மறைத்த மாதிரி.

அவருக்குப் பத்து வயதில் நடந்த ஒரு பயணத்தை இங்கே சொல்ல வேண்டும். என் மாமனாரின் சேக்காளி ஒருவர், தங்கச்சிமடத்துக் கிறிஸ்தவர், சொந்தமாகப் படகு வைத்திருந்தவர். அங்கே சம்மாட்டி என்பார்கள். கச்சத்தீவில் அந்தோணியார் திருவிழா நடக்கும்போது வருடா வருடம் படகு நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு போவார். கச்சத்தீவில் குடியிருப்பவர் யாரும் இல்லை, குடிக்கத் தண்ணீரும் கிடையாது, ஒரு சின்னத் தேவாலயம் மட்டும் உண்டு. இந்தியா அதை இலங்கைக்கு விட்டுக்கொடுத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. திருவிழாவுக்குப் போகிறவர்களுக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டாம் என்று கொடுக்கும்போதே பேசி வைத்திருந்தார்கள். படகில் ஜெபமாலையும் இருக்கும், திருநீறும் இருக்கும், தொப்பியும் இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்தார் வருவார்கள், மன்னார்க்காரர்கள் வருவார்கள், மணலில் துணி விரித்து ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்வார்கள். இவர் கடையிலிருந்து கொண்டுபோன ஒரு சின்னச் சங்கைக் கொடுத்து ஒரு சந்தன சோப்பு வாங்கினார். அது தேய்ந்து தீரும்வரை, வெளிநாட்டு வாசம் பாரு என்று பள்ளிக்கூடம் முழுக்கக் கையை நீட்டிக்கொண்டு திரிந்தாராம்.

நியூ ஜெர்சியில் பனி கொட்டிக் கதவு திறக்காத நாட்களில் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வேன்.

“பார்டர் எங்க இருந்துச்சு?”

“எனக்கு என்ன தெரியும் புள்ள? நான் குனிஞ்சு வாந்தி எடுத்துக்கிட்டிருந்தேன். நிமிர்றதுக்குள்ள வெளிநாடு வந்துருச்சு.”

எங்களுடையது பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம். எனக்கு அவர்மேல் ஆசை வந்தது அந்த வாந்தியில்தான்.

அந்தக் கதையைத்தான் வெள்ளைக் கட்டத்தில் தட்டினேன். இலங்கை, கச்சத்தீவு, பத்து வயதில், தேவாலயத் திருவிழாவுக்கு, மீனவர் படகில், பாஸ்போர்ட் தேவைப்படவில்லை. பத்தாண்டுகள்தான் கேட்டிருந்தார்கள். நான் இருபத்தைந்து ஆண்டுகளுக்குக் கொஞ்சம் குறைவாகப் பின்னால் போனேன். கட்டத்துக்குள் அடங்குவதற்காக எழுத்தைச் சிறியதாக்கினேன். பயத்தில் செய்தேன், நாளைக்கு வேறு யாராவது சொல்லித் தெரிந்து, ஏன் மறைத்தாய் என்று கேட்டால் என்ன செய்வது என்ற பயம். ஆனால் பயம் மட்டும் என்று சொன்னால் அது பொய். எனக்கு அந்த வரி பிடித்திருந்தது. ஒரு கோயில் ஊர்ச் சங்குக்கடைக்காரர் மகன் அந்தோணியாரைப் பார்க்கப் படகேறிப் போனான் என்று அந்த அதிகாரி படித்தால், இவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். மனம் இளகும் என்றுகூட நினைத்தேன்.

அவர் கடையிலிருந்து வந்து, ஒரு கையில் பையோடு, நின்றபடியே கையெழுத்துப் போட்டார். மறுநாள் விமானம்.

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. அடுத்த வாரம் சென்னைத் தூதரகத்தில் இன்டர்வியூ. காலையில் முடிந்துவிடும் என்று தெரியும், ஆனால் போன் வரவில்லை. எங்களுக்குக் காலை ஏழு மணி, அவருக்கு இரவு ஆகிவிட்டது, மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது அடித்தது. பகல் முழுக்கக் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தேன் என்றார்.

“மஞ்சத் தாள் ஒண்ணு குடுத்துருக்காக. பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கிட்டாக. இன்னும் விசாரிக்கணுமாம், சொல்லி அனுப்புவாகளாம்.”

“என்ன கேட்டாங்க?”

“வேலையப் பத்தி ரெண்டு கேள்வி. பொறவு அந்தத் தீவப் பத்தி. படகு யாருது, யாரு கூட வந்தா, அங்க யாரு இருந்தா, மறுபடி போனியா. சண்டை நடந்த காலத்துல ஊருலதான் இருந்தியா. முக்கா மணி நேரம் புள்ள.”

“வாந்தி எடுத்தத சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“சிரிச்சாங்களா?”

“இல்ல.”

மகளின் பின்னல் என் கையில் பாதியில் நின்றது. அம்மா, யூ ஆர் புல்லிங், என்றாள். நான்தான் எழுதினேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று வைத்துவிட்டேன்.

ஒரு வாரம் என்றார்கள், மூன்று வாரம் ஆனது, பள்ளிக்கூடம் மூடியது, கோடை ஏறியது, திரும்பவும் பள்ளிக்கூடம் திறந்தது. நான் அங்கே இருக்கும் உரிமையே அவர் வேலையோடு கட்டியது. அவர் வேலை அறுந்தால் நானும் மகளும் கீழே. வேலைக்குப் போக எனக்கு அனுமதி இல்லை. காரை எடுத்தால் மளிகைக்கடை வரைக்கும்தான், ஃப்ரீவேயில் தனியாக ஏறியதே இல்லை. தினமும் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்து, மஞ்சள் தாளில் கொடுத்திருந்த எண்ணைத் தட்டுவேன். நிலுவையில் உள்ளது என்று வரும். சாப்பிட்டுவிட்டு ஒரு தரம், குளித்துவிட்டு ஒரு தரம். சில நாள் வேண்டுமென்றே பத்து மணிவரை தட்டாமல் இருப்பேன், பொறுமைக்குக் கூலி கிடைக்கும் என்பதுபோல. பத்து மணிக்கும் நிலுவையில் உள்ளது. நோன்பு வைத்தேன். தொகுதி எம்.பி. அலுவலகத்துக்குப் போன் செய்து அழுதேன். அந்தப் பக்கத்தில் இருந்த பெண் நல்லவள், அழுது முடியும்வரை காத்திருந்துவிட்டு, முழுப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னாள். நான் எழுத்துகளைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் கணவரின் ஊர் ரொம்பப் பெரிய ஹிந்து டெம்பிள் டவுன், என்றேன். ஓகே மேடம், என்றாள்.

மேல்வீட்டு ஆண்ட்டி இரண்டு நாளுக்கு ஒருமுறை ரசத்தோடு வருவார். “உங்க ஊர் சாமிக்கே வேண்டிண்டிருக்கேன். உன் ஊர் ஆளு, நீதான்டா அனுப்பி வைக்கணும்னு சொல்லிட்டேன்.” பாத்திரத்தை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். “எனக்கு ஒண்ணு மட்டும் புரியலம்மா. அந்தத் தீவு எப்படி வந்துது ஃபார்ம்ல? நான்தான் சொன்னேனே.”

“அவர்தான் ஆண்ட்டி. ரொம்ப ஹானஸ்ட்.”

அந்த வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் நாக்கு கசக்கிறது.

ஆகஸ்ட்டில் மாமனார் தாமே போன் செய்தார். வழக்கமாக மகனிடம் கொடுத்துத்தான் பேசச் சொல்வார். அன்று பெருமையாக இருந்தார். தங்கச்சிமடத்துக்குப் போய், பங்குத்தந்தையிடம் ஒரு கடிதம் வாங்கியிருந்தார். இந்தத் திருவிழாவுக்குக் காலங்காலமாக எல்லா மதத்துச் சனமும் பாஸ்போர்ட் இல்லாமல்தான் போய்வந்தது, குற்றம் ஒன்றும் இல்லை என்று. முத்திரையெல்லாம் போட்டது. அதை எனக்குப் போனிலேயே வாசித்துக் காட்டினார், சங்குக்கு விலை சொல்கிற அதே குரலில்.

“பெரிய உதவி மாமா,” என்றேன்.

“உதவி என்ன உதவி. ஏந்தாயி, ஒண்ணு கேக்குறேன். இவன் அத என்னத்துக்கு வெளிநாடுன்னு எழுதுனான்? இந்த மாவட்டத்துல எந்தப் புள்ளயக் கேட்டாலும் அது நம்ம தீவுன்னுதான் சொல்லும். கவர்மெண்டு எழுதிக் குடுத்துருச்சு, சரி, அவுக பெரிய எடம். இப்ப இவனும் எழுதிக் குடுத்துட்டானே. ரெண்டாந்தரம் குடுத்துருக்கோம் அந்தத் தீவ.” அவரே சிரித்துக்கொண்டார். “டீக்கடையில ஒரு பய விட மாட்டேங்குறான். தீவ வித்தவன் வாரான்னுதான் கூப்புடுறாங்க இவன.”

“ஆமா மாமா,” என்றேன்.

“படிச்ச புள்ளைக்கே புத்தி இல்லையேன்னு ஏசிட்டேன். தலையக் குனிஞ்சுக்கிட்டு இருந்தான்.”

“ஆமா மாமா.”

பங்குத்தந்தையின் கடிதத்தை எடுத்துக்கொண்டு என் கணவர் சென்னைக்குப் பஸ் ஏறினார். வாசலில் நின்ற காவலாளி, இங்கே தாள் எதுவும் வாங்குவதில்லை, கூப்பிடும்போது வாருங்கள் என்றார். மறுநாளும் போய் நின்றார். அதே காவலாளி, அதே பதில். அதற்கடுத்த நாள் ஊருக்குத் திரும்பி, அத்தாவோடு கடையில் உட்கார்ந்தார். சான்டா கிளாராவில் சிப்புகளைச் சோதித்த மனிதர், சங்குகளுக்கு எண்ணெய் தடவினார். யாத்திரை வந்த ஒரு அம்மா, நீ ஏன்ப்பா இப்படி இருக்கிறாய், இருபத்திரண்டு கிணற்றிலும் குளி, சரியாகும் என்று இந்தியில் சொன்னாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் போனில் லேசாகச் சிரித்தார்.

மகள் முதலில் தினமும் கேட்டாள். பிறகு வாரத்துக்கு ஒருமுறை. பிறகு பள்ளியில் அவள் ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் எல்லாம் சரிதானே என்று கேட்டாள். மகள் வகுப்பில் எழுந்து நின்று, மை டாட் இஸ் ஸ்டக் இன் அ டெம்பிள் என்று சொல்லியிருக்கிறாள். ஆசிரியையிடம் நான் இருபது நிமிடம் விளக்கினேன். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

செப்டம்பர் கடைசிப் புதன்கிழமை மாலை அவருடைய மேனேஜர் கூப்பிட்டார். ஹைதராபாத்காரர், தன்மையானவர், மூன்று முறை கெடுவை நீட்டித்தவர். இனி என் கையில் இல்லை என்றார். வெள்ளிக்கிழமை வரைக்கும் விசா வராவிட்டால் அந்த இடத்தை மூடுகிறார்கள், அவருக்காக நிறுவனம் போட்டிருந்த விண்ணப்பத்தையும் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். ஐ ஆம் சாரி என்பதை நான்கு விதமாகச் சொன்னார். ஃப்ரிஜ்ஜின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு கேட்டேன். உள்ளே மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. விண்ணப்பம் போனால் விசா கிடையாது. விசா கிடையாது என்றால் அவர் வரமாட்டார். எவ்வளவோ பேருடைய எவ்வளவோ பொய்கள் அந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கும். என் ஒரு உண்மை அங்கே குறுக்கே படுத்துக் கிடந்தது, யாரும் கேட்காத உண்மை.

எங்களுக்கு இரவு ஏழரை மணி, ராமேஸ்வரத்தில் விடிந்து வெயில் ஏறியிருக்கும். வெளிநாட்டுக்குப் பேசும் போன் கார்டின் எண்களைத் தட்டினேன். இரண்டு முறை தவறாகத் தட்டி, மூன்றாவது முறை அவர் எடுத்தார். மேனேஜர் சொன்னதைச் சொன்னேன். ம், என்றார். அவருக்கு ஏற்கெனவே மெயில் வந்திருந்தது.

“என்னங்க. அத எழுதினது நான்.”

“எத?”

“தீவ. அவங்க கேக்கவே இல்ல. பத்து வருஷம்தான் கேட்டாங்க. நான்தான் எழுதினேன்.”

அந்தப் பக்கம் யாரோ சங்கை ஊதிப் பார்த்தார்கள், சரியாக வராமல் காற்றாகப் போயிற்று.

“தெரியும்,” என்றார்.

“தெரியுமா?”

“இன்டர்வியூ லைன்ல ரெண்டு மணி நேரம் நின்னேன். வேற என்னத்தப் படிக்க? எல்லாத்தையும் படிச்சேன்.”

அவர் மெதுவாகத் தொடர்ந்தார், வேறு யாருக்கோ நடந்ததைப்போல.

“வெளிய ஒருத்தன் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வச்சுக்கிட்டு இருந்தான். ஒவ்வொருத்தர்ட்டயா வந்து, ஃபார்ம்ல தப்பு இருந்தா சொல்லுங்க சார், புதுசு அடிச்சுத் தரேன்னான். என்கிட்டயும் கேட்டான்.”

“நீங்க?”

“தப்பு ஒண்ணும் இல்லன்னேன்.”

“ஏங்க?”

“மாத்தினா, ஏன் மாத்தினேன்னு கேப்பாகளோன்னு பயம். யாரு கேக்கப்போறா புள்ள? நான் மாத்தினது எவனுக்குத் தெரியும்? அஞ்சு நிமிச வேல. ஆனா கைய நீட்டி அந்தத் தாள அவன்கிட்ட குடுக்க முடியல. மாத்துறவன்தான் கள்ளன்னு தோணிருச்சு.”

“உங்க அத்தாகிட்ட சொல்லியிருக்கலாமே, நான்தான்னு. டீக்கடையில எல்லாம் உங்கள…”

“சொன்னா என்ன ஆவும்? அந்தப் பேரு உனக்கு வரும். எனக்கு இருந்துட்டுப் போவுது.”

“திட்டுங்களேன்.”

“திட்டினா கார்டு தீர்ந்துரும்.”

அதற்குப் பிறகு அவர் அழுதார். அதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தன் அத்தாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று கடையை விட்டு இறங்கி நடந்துகொண்டே அழுதார். பின்னால் யாத்திரிகர்களின் இரைச்சல், ஆட்டோ, ஒரு கைடு இந்தியில் கத்துகிறான். அத்தனை பேர் அத்தனை தூரத்திலிருந்து வந்து இறங்கும் இடத்தில் கிளம்ப முடியாத ஒருவர். நான் இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தேன். மகள் வந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“அத்தா, ஆர் யூ கமிங் ஆன் ஃப்ரைடே?”

அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் போனைத் திருப்பித் தந்துவிட்டு, அத்தா சேஸ் வி ஹேவ் டு கோ தேர், என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் போனாள்.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. எதுவும் வரவில்லை. அக்டோபரில் ஒரு தேதிக்கு டிக்கெட் போட்டோம், எனக்கும் மகளுக்கும், போவதற்கு மட்டும். ஆண்ட்டி எங்கள் சோபாவை யாருக்கோ பேசி முடித்தார். நடுவில் ஒருநாள் சமையலறையில் நின்றுகொண்டு அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கரண்டியைக் கழுவிக்கொண்டே இருந்தார். கழுவி முடித்ததைத் திரும்பக் கழுவினார். பிறகு, “சொல்லியிருந்தா மட்டும் நான் என்ன பண்ணியிருப்பேன், போ,” என்றார். அது மன்னிப்பா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். என் கணவரின் மேசையில் இருந்த சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறோம், அனுப்பிவைக்கட்டுமா என்றார். வேண்டாம், நானே வருகிறேன் என்றேன். ஆண்ட்டி, நான் ட்ரைவ் பண்றேன் என்று செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். அவரையும் வேண்டாம் என்றேன். ஏனென்று தெரியாது. அந்த நாட்டில் ஒரு காரியத்தையாவது, யாருக்கும் விளக்காமல், நானாகச் செய்துவிட்டுப் போக வேண்டும்போல இருந்தது. பள்ளி விட்டதும் மகளைப் பின் சீட்டில் கட்டி உட்காரவைத்து, முதல்முறையாகத் தனியாக 880 ஃப்ரீவேயில் ஏறினேன். ஐம்பது மைல் வேகத்துக்கு மேல் போகவில்லை. கடந்து போகிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அலுவலகத்தில் வரவேற்பிலேயே பெட்டியைத் தந்திருக்கலாம். அவர் உட்கார்ந்த இடத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அந்த நாற்காலியில் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார், எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது. உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை. மகள் அந்த நாற்காலியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். மேனேஜர் பெட்டியைக் கார் வரைக்கும் தூக்கிவந்தார். ஒரு கப், ஒரு ஸ்வெட்டர், மகள் கிரேயானில் வரைந்த மூன்று பேர், பாதி தின்று ரப்பர் பேண்ட் போட்ட முறுக்குப் பாக்கெட், மேசைக்கு அடியில் போட்டுக்கொள்ளும் ரப்பர் செருப்பு. செருப்பை மட்டும் பெட்டியில் வைக்க மனசில்லாமல் முன் சீட்டில், என் பக்கத்தில் வைத்தேன்.

திரும்பும்போது நெரிசல் ஆரம்பித்துவிட்டது. வலது பக்கம் முழுக்க லாரிகள். மகள் பின்னால் முறுக்குப் பாக்கெட்டைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தாள், ஐந்து மாதத்து முறுக்கு, வேண்டாம் என்று சொல்லக்கூடத் திரும்ப முடியவில்லை. ஸ்டீவன்சன் எக்ஸிட் போயிற்று. அடுத்தது மௌரி, நாங்கள் இறங்க வேண்டியது. சிக்னல் போட்டேன். ஒருவரும் விடவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், தோளுக்கு மேல் பார்த்தேன், மறுபடி கண்ணாடி. பச்சைப் பலகை தலைக்கு மேல் வந்து பின்னால் போய்விட்டது.

“அம்மா, தட் வாஸ் அவர் எக்ஸிட்.”

“தெரியும்டா.”

“ஸோ வேர் ஆர் வி கோயிங்?”

சிக்னல் இன்னும் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. பின்னாலிருந்த லாரி ஹார்ன் அடித்தது. நான் மெதுவாகப் போகிறேன் என்று அடிக்கிறான். வேகத்தைக் கூட்டினேன்.